நாலு நிமிட டிரம்ஸ்

ஒரு டீசல் இன்ஜின் ஓடுவதைக் கேட்டு நான் அழுதிருக்கிறேன். டீசல் விலையை நினைத்து அல்ல. அதற்கு அழாதவர் திருப்பூரில் கிடையாது. இசை என்று நினைத்து அழுதேன். அழுததுகூடப் பெரிய குற்றமில்லை. அது இன்ஜின்தான் என்று தெரிந்த பிறகும், ஏறக்குறைய முப்பது வருடம், இரண்டு நல்ல மனிதர்களிடம் அதை உலகின் தலைசிறந்த டிரம்ஸ் வாசிப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்களும் நம்பினார்கள். நம்பியதோடு நிற்காமல், அதில் ஒருவர் அதைக் கற்றுக்கொண்டு கோயிலில் வாசிக்கவும் செய்தார்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். மெர்ச்சண்டைசர் என்றால், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் உள்ளூர் முதலாளிக்கும் நடுவே நின்றுகொண்டு, சரக்கு ஏன் இன்னும் கிளம்பவில்லை என்பதற்கு நாளுக்கொரு காரணம் சொல்பவர். இன்றும் அதே வேலைதான். காரணங்கள் மட்டும் மெருகேறியிருக்கின்றன.

கோவையில் படித்தபோது எனக்கு ஒரு வியாதி தொற்றியிருந்தது. கடல் தாண்டிய ஒரு ராக் குழு. நான் தொட்டிலில் கிடந்த காலத்தில் அவர்கள் உச்சத்தில் இருந்தார்கள். நான் அவர்களைக் கண்டுபிடித்தபோது, ஒருவரோடொருவர் பேசாமல் ஆளுக்கொரு வக்கீல் வைத்திருந்தார்கள். அவர்களுடைய ஒரு மேடைக் கச்சேரியின் கேசட் ஹாஸ்டல் சீனியர் ஒருவரிடம் இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் கோட்டுக்குள் ரெக்கார்டரை ஒளித்துக் கொண்டுபோய்ப் பதிந்தது. அதன் நகலின் நகலின் நகல். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், அதுவும் ஒரே ஒரு நாளைக்குக் கொடுத்தார். மாலைக்குள் திரும்பி வரவில்லையென்றால் திருப்பூருக்கே வந்து உதைப்பதாகவும் சொன்னார். அவர் சொன்னதைச் செய்கிறவர்.

நான் தங்கியிருந்தது ஒரு பனியன் கம்பெனியை ஒட்டிய லைன் வீட்டில், ஒற்றை அறை. என்னிடம் ஒரு டூ-இன்-ஒன் கேசட் செட் இருந்தது. இன்னொன்றை இரவல் வாங்கினேன். இரண்டையும் மாப்பிள்ளை பெண் போல எதிரெதிரே உட்காரவைத்து, ஒன்றில் பாட்டை ஓடவிட்டு, மற்றதில் ரெக்கார்ட் பட்டனை அமுக்கினேன். அறையில் பிளக் பாயின்ட் ஒன்றுதான். ஆகவே பாடும் செட்டுக்குக் கரண்ட், பதியும் செட்டுக்கு பேட்டரி. ஃபேன் சத்தம் பதிந்துவிடும் என்று ஃபேனை நிறுத்தினேன். ஜன்னலைச் சாத்தினேன், அதில் ஒரு கதவு சாத்தச் சாத்தத் திறந்துகொள்ளும் சாதி. கட்டிலில் மூச்சை அடக்கிக் கண்ணை மூடி உட்கார்ந்தேன். நடுப்பகல். வியர்வை ஓடியது.

மூன்றாவது பாட்டின் நடுவே நீளமான கிடார் பகுதி. கிடார் ஏறியது, மேலும் ஏறியது, உச்சியில் நின்று ஒரு கணம் துடித்தது. பிறகு அப்படியே உருகிக் கீழே இறங்கத் தொடங்கியது. யானை ஒன்று அலுப்போடு உட்காருவது போல ஒரு முனகல். அதன் பின் மௌனம்.

அடடா, என்ன துணிச்சல் என்று நினைத்தேன்.

மௌனம் நீண்டது. எங்கோ தொலைவில் ஓர் அடி விழுந்தது. டுக். காத்திருக்கவைத்து இன்னொன்று. டுக். பிறகு டுக், டுக், டுக் என்று வேகம் பிடித்து, ஒரு தாளத்தில் வந்து நின்றது. அதில்தான் விஷயம் இருந்தது. ஐந்து அடி விழும், ஆறாவது விழாது. அந்த இடம் வெறுமையாக நிற்கும். மறுபடி ஐந்து. அந்த விழாத அடியில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. எதை வாசிக்கக் கூடாது என்று தெரிந்தவன்தான் கலைஞன் என்றெல்லாம் யோசித்தேன். கண்ணில் நீர் கோத்தது. கொஞ்ச நேரத்தில் கண் எரியவே ஆரம்பித்தது. இருமல் வந்தது.

கண்ணைத் திறந்தால் அறை முழுக்க டீசல் புகை.

கரண்ட் போயிருக்கிறது. பகல் என்பதால் விளக்கு இல்லை, ஃபேனை நானே நிறுத்தியிருந்தேன், எனக்கெப்படித் தெரியும்? பாடும் செட் படுத்துவிட, பேட்டரி செட் தன் கடமையைச் செய்து, பக்கத்து பனியன் கம்பெனிக்காரர் ஹேண்டிலைச் சுற்றி இன்ஜினை ஓட்டிய சத்தத்தைப் பதிந்துகொண்டிருந்தது. நான் நிறுத்தப் போவதற்குள் கரண்ட் வந்தது. கிடார் ஆழத்திலிருந்து முனகியபடி எழுந்து மேலே வந்தது. அந்தப் பக்கம் இன்ஜினை நிறுத்தினார்கள், அடிகள் தளர்ந்து, தயங்கி, ஓய்ந்தன. உண்மையைச் சொல்லவேண்டும்: எந்த இசைமேதையும் அந்த இடத்தை அதைவிட நன்றாக முடித்திருக்க முடியாது.

மறுபடி பதிய நேரமில்லை. சீனியரின் உதையை நினைத்துக்கொண்டு கேசட்டோடு கோவை பஸ்ஸைப் பிடித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் அறைக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் எங்கள் கம்பெனித் துணிக்கு ஜாப் ஒர்க்கில் பிரிண்டிங் அடித்துக்கொடுத்தவர். அருள்புரத்துக்காரர், அடுத்தவரை அதட்டும்போதும் 'ங்க' போடாமல் அதட்டத் தெரியாதவர். இன்னொருவர் கம்பெனியின் குவாலிட்டி செக்கர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். துணியில் ஓட்டை இருந்தால் பத்தடி தூரத்தில் கண்டுபிடிப்பார். பேச்சில் ஓட்டை இருந்தால் இன்னும் சீக்கிரம். இருவருக்கும் கேசட்டைப் போட்டுக் காட்டினேன். அந்த இடம் வந்ததும் 'இது இன்ஜின்' என்று சொல்லிச் சிரிப்பதாகத்தான் எண்ணம். சத்தியமாக.

கிடார் இறங்கியது. மௌனம். டுக்.

குவாலிட்டிக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "யாரு வே அடிக்கது? மனுசந்தானா?"

அந்த முகத்தைப் பார்த்து என்னால் முடியவில்லை. "டிரம்மர்" என்றேன். ஒற்றைச் சொல். அதற்கு முன்னும் பின்னும் இவ்வளவு மலிவாக ஒரு பொய்யை நான் விற்றதில்லை.

பிரிண்டிங்காரர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். "அந்த ஆறாவது அடியை உட்டாம் பாருங்க. அங்கதானுங்க இருக்குது."

திருப்பூரில் இன்ஜின் சத்தம் கேட்டு வளராத காது கிடையாது. அதே சத்தம் ஸ்பீக்கர் வழியாக, இங்கிலீஷ் பாட்டின் நடுவே வந்தால் அது கலை ஆகிவிடுகிறது. எனக்கே ஆகியிருந்ததே.

அதன்பின் நடந்தவை என் கையில் இல்லை. குவாலிட்டிக்காரர் இரண்டு வருடம் செக்கிங் டேபிளில் விரலால் தட்டித் தட்டி அந்த நாலு நிமிடத்தையும் கற்றுக்கொண்டார், ஆறாவது அடி உட்பட. பிறகு டிரம்ஸ் வாங்கினார். பல வருடங்கள், அவர் 'கோயில்' என்று சொல்லும் சபையில், கிறிஸ்துமஸ் ஆராதனையின் முடிவில் அதை வாசித்தார். ஒருமுறை பாஸ்டர் மட்டும் தோளைத் தொட்டு, "ஆண்டவருக்கு நல்லாவே கேட்டுருச்சு தம்பி, அடுத்த வருசம் கொஞ்சம் மெதுவா" என்றாராம். பிரிண்டிங்காரர் தன் யூனிட்டில் கஷ்டமான ஆர்டர் ஓடும் நாட்களில் கேசட்டைப் போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். கேசட்டும் காலப்போக்கில் அவர் பீரோவுக்கே போய்ச் சேர்ந்தது.

எனக்கு என்ன கிடைத்தது என்றால், மரியாதை. சொந்த யூனிட், கார், இடம் என்று எதிலும் நான் அவர்கள் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் இசை என்று வந்துவிட்டால் இருவரும் என் வாயைப் பார்ப்பார்கள். டையிங் மாஸ்டர், கட்டிங் மாஸ்டர் மாதிரி நான் காது மாஸ்டர். "மாஸ்டர் சொன்னாச் சரியா இருக்குமுங்க." இந்த ஊரில் எனக்கு உள்ள ஒரே பட்டம் அது. அதுவும் ஐந்து குதிரைசக்தி டீசல் இன்ஜின் வாங்கிக் கொடுத்தது.

இந்த நிம்மதிக்குப் போன வருடம் முடிவு வந்தது. பிரிண்டிங்காரர் ஒரு நாள் போனில் கூப்பிட்டு, உடனே பல்லடம் ரோடு பேக்கரிக்கு வரச்சொன்னார். போனால் இருவரும் டீயைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பிரிண்டிங்காரர் போனைத் திருப்பிக் காட்டினார். அவருக்கு வந்திருந்த ஒரு டீ-சர்ட் ஆர்டரின் டிசைன். முன்னால் எங்கள் குழுவின் சின்னம், முதுகில் கச்சேரி நடந்த ஊர்களின் பட்டியல்.

"நம்ம ஆளுங்களோட பழைய கச்சேரியெல்லாம் கிடங்குலருந்து எடுத்து, பெட்டி போட்டு விக்கிறாங்களாமுங்க. பன்னெண்டு சிடி, ஏழு கச்சேரி. கூட ஒரு டீ-சர்ட். அந்த டீ-சர்ட்டைத்தான் நான் அடிக்கறேன். நாலாவது ஊரைப் பாருங்க மாஸ்டர்."

பார்த்தேன். அந்த ஊர், அந்த வருடம். கோட்டுக்குள் ரெக்கார்டர் போன அதே கச்சேரி. ரசிகன் என்கிற முறையில் நான் துள்ளியிருக்க வேண்டும். அதில் அந்த டிரம்ஸ் இருக்காது என்று தெரிந்த ஒரே ஆள் என்பதால், போனை அவரிடமே தள்ளிவைத்தேன்.

"மேடையிலேயே ஒழுங்கா மைக்கு வெச்சுப் புடிச்சதாம் வே" என்றார் குவாலிட்டிக்காரர். "அந்த நாலு நிமிசத்தச் சுத்தமா கேக்கலாம். ஆறாவது அடிக்கு அவன் கையத் தூக்குத சத்தம்கூடக் கேக்கும்."

வாங்கலாமா வேண்டாமா என்ற விவாதம் மூன்று வாரம் நடந்தது. விலை அப்படி, அந்தக் காசுக்கு நல்ல நிலையில் ஒரு பழைய ஓவர்லாக் தையல் மெஷின் வாங்கலாம், மெஷினாவது சம்பாதிக்கும். முப்பது வருடம் அந்தக் குழுவுக்காக ஏங்கிய நான், அந்தப் பெட்டியை வாங்கவே கூடாது என்று மூன்று வாரமும் வாதாடினேன்.

முதலில், ஒரே பாட்டு ஏழு கச்சேரியிலும் வருகிறதே, ஏழு தடவை எதற்கு என்றேன்.

"ஒரே ஸ்டைல், ஏழு கலருங்க" என்றார் பிரிண்டிங்காரர். "பையர் கேட்டா அடிச்சுக் குடுக்கறமில்லீங்க?"

பழைய டேப்பை இப்போது கம்ப்யூட்டரில் போட்டுக் கழுவியிருப்பார்கள், கழுவினால் உயிர் போய்விடும் என்றேன்.

"வாஷிங் குடுத்தா கலர் கொஞ்சம் இறங்கத்தாம் செய்யும். அதுக்குன்னு வாஷ் குடுக்காம இருக்கோமா?" என்றார் குவாலிட்டிக்காரர்.

கஸ்டம்ஸில் மாட்டும் என்றேன். டீ-சர்ட்டைக் காட்டி நான் வைத்த வாதம்தான் கொஞ்சம் எடுபட்டது. "உங்க யூனிட்ல அடிச்ச டீ-சர்ட், கப்பல் ஏறிப் போயி, பெட்டிக்குள்ள உக்காந்து, திரும்ப உங்க கைக்கே வருதுங்க. போக வர செலவு நம்முளுது."

பிரிண்டிங்காரர் யோசித்தார். "டீ-சர்ட்டைக் கழிச்சுட்டுக் குடுக்கச் சொல்லிக் கேட்டுப்பாருங்களே? டீ-சர்ட்டை நானே போட்டுக்கறேன்."

கேட்பதாகச் சொன்னேன். அந்தப் பொறுப்பை விழுந்தடித்து வாங்கிக்கொண்டேன். வேலையைச் செய்யாமல், செய்துகொண்டே இருப்பதாகக் காட்டுவது என் தொழில் அல்லவா. மெயில் போட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. பதில் வந்தது, ஆள் லீவு. ஆள் வந்துவிட்டார், சரக்கு இல்லை. பையர்களை வருடக்கணக்கில் மேய்த்த அத்தனை காரணங்களையும் வரிசையாக எடுத்துவிட்டேன். ஆனால் எதிரே இருந்தவர்கள் பையர்கள் அல்ல. அதே காரணங்களை எனக்கே சொல்லிப் பழகியவர்கள். பிரிண்டிங்காரர் தன் மகளிடம் சொல்லி ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டார். பெட்டி வந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள்.

"உங்களுக்கு சர்ப்ரைஸா இருக்கட்டுமுன்னுங்க, மாஸ்டர்."

இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அருள்புரத்தில், லீவு விட்ட பிரிண்டிங் யூனிட்டின் ஆபீஸ் அறையில் கூடினோம். மேசையில் பெட்டி. பக்கத்தில் சிடியும் கேசட்டும் ஓடும் ஒரு பழைய செட். அதற்கும் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் கவரில், அந்தக் கேசட். கவரின் வாயை நூலால் கட்டி, அட்டை தொங்கவிட்டு, அட்டையில் கையெழுத்தே போட்டிருந்தார் குவாலிட்டிக்காரர்.

"இது என்னுங்க?" என்றேன்.

"அப்ரூவ்டு சேம்பிள்" என்றார். "சேம்பிள வச்சுத்தான வே பல்க்கப் பாக்கணும்?"

எங்கள் ஊரில் எதுவும் இப்படித்தான். பையர் ஒரு சேம்பிளை ஒத்துக்கொண்டு கையெழுத்திட்டு சீல் வைத்துவிட்டால், பிறகு தைக்கிற ஐம்பதாயிரம் பீஸும், அதாவது பல்க் முழுதும், அதைப் போலவே இருக்க வேண்டும். சேம்பிள்தான் வேதம். அதில் பொத்தான் கோணலாக இருந்தால் ஐம்பதாயிரத்திலும் கோணலாகத்தான் இருக்க வேண்டும். என் இன்ஜின் அந்த அந்தஸ்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

முதலில் டீ-சர்ட்டைப் பரிசோதித்தார்கள். பன்னிரண்டு சிடி பிரிக்கப்படாமல் கிடக்க, இருவரும் டீ-சர்ட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தார்கள், வெளிச்சத்தில் பிடித்தார்கள், ஈரத்துணியால் பிரிண்ட்டைத் தேய்த்தார்கள். "துணி ரொம்ப மெலிசு" என்று குவாலிட்டிக்காரர் பழித்தார். "துணி எங்களுதில்லீங்க, பிரிண்ட்டைப் பாருங்க, அசையுதான்னு" என்று பிரிண்டிங்காரர் மார்தட்டினார். இப்படியே பொழுது போய்விடாதா என்று நான் ஏங்கினேன். போகவில்லை. நாலாவது கச்சேரியின் சிடியை எடுத்துப் போட்டார்கள்.

மூன்றாவது பாட்டு. கிடார் ஏறியது. அப்படி ஒரு சுத்தமான பதிவை நான் கேட்டதில்லை. நரம்பைத் தொடும் விரல் தெரிந்தது. ஆனால் ரசிக்கும் நிலையிலா இருந்தேன்? உச்சிக்கு வந்தது. துடித்தது. இருவரும் நாற்காலியின் விளிம்புக்கு வந்தார்கள். குவாலிட்டிக்காரரின் விரல்கள் மேசைமேல் தயாராக நின்றன.

கிடார் இறங்கவில்லை. உருகவில்லை. யானை உட்காரவில்லை. பாட்டு அதுபாட்டுக்குத் தன் வழியில் போய், சாதாரணமாக முடிந்தது. கூட்டம் கைதட்டியது.

மறுபடி போட்டார்கள். மறுபடியும் யானை உட்காரவில்லை.

"எடுத்துட்டானுவ" என்றார் குவாலிட்டிக்காரர். "நாலு நிமிசத்தயும் வெட்டி எடுத்துட்டானுவ, அண்ணாச்சி."

"சிடியில எடம் பத்தாம இருந்திருக்குமுங்க" என்றார் பிரிண்டிங்காரர், துக்க வீட்டுக் குரலில்.

"எடமில்லேன்னா பாடுதவன வெட்ட வேண்டியதுதான? டிரம்மரயா வெட்டுவான்?" அவர் பையிலிருந்து இன்ஸ்பெக்‌ஷன் ஷீட்டை எடுத்தார். "மேஜர் டிபெக்ட். பல்க் சேம்பிள் மாதிரி இல்ல. ரிஜெக்ட்."

என் நெஞ்சிலிருந்து ஒரு பாறை புரண்டு விழுந்தது. இந்தச் சாத்தியம் எனக்குத் தோன்றவே இல்லை. முப்பது வருட நம்பிக்கைக்கும் கண்முன் உள்ள அத்தாட்சிக்கும் சண்டை வந்தால், அத்தாட்சியைத் திருப்பி அனுப்பிவிடலாம். மகிழ்ச்சி தாங்காமல் நான் அளவுக்கு மீறிப் போனேன். "அநியாயமுங்க. சும்மா விடக்கூடாது. க்ளைம் போடலாம். லெட்டர் நானே எழுதறேன்" என்றேன். அங்கேயே உட்கார்ந்து இங்கிலீஷில் எழுதவும் செய்தேன். ஒப்புக்கொண்ட சேம்பிளுக்கு மாறாக அனுப்பிய சரக்கை ஏற்க இயலாது, விடுபட்ட டிரம்ஸ் பகுதியை உடனே அனுப்பிவைக்கவும் என்று. என் தொழில் வாழ்வில் அவ்வளவு கம்பீரமாக ஒரு கடிதம் எழுதியதில்லை.

நானும் சும்மா இருந்திருக்கலாம். "சரியா எத்தனை நிமிசம் குறையுதுன்னு போட்டாத்தானுங்க க்ளைம் நிக்கும்" என்று சொன்னது நான்தான்.

நூலை அவிழ்த்தார்கள். கேசட்டைப் போட்டார்கள். குவாலிட்டிக்காரர் போனில் ஸ்டாப் வாட்சைத் திறந்தார். கிடார் ஏறி, உருகி, முனகி, அடங்கியது. மௌனம். டுக்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். லீவு நாள் என்பதால் யூனிட்டின் ஜெனரேட்டரைச் சர்வீஸ் செய்ய மெக்கானிக் ஒருவர் காலையிலேயே வந்திருந்தார். அவிநாசிபாளையத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். கை துடைக்க பனியன் வேஸ்ட் கேட்டு அப்போதுதான் ஆபீஸ் வாசலுக்கு வந்தார். வந்தவர் கேட்கவில்லை. தலையைச் சாய்த்து நின்றார். நாங்கள் மூவரும் கண்ணை மூடியிருந்ததால் அவரைக் கவனிக்கவில்லை.

"நாசில் அடச்சிருக்குதுங்க" என்றார்.

கண்ணைத் திறந்தோம்.

"ஆறாவது அடி உட்டுப் போகுது பாருங்க? டீசல் பீச்சற நாசிலக் கழட்டித் தொடைக்காம ஓட்டிருக்கறாங்க. எந்தப் பாவி இன்ஜினுங்க இது?"

"அது டிரம்ஸுங்க" என்றார் பிரிண்டிங்காரர்.

மெக்கானிக் அவரைப் பார்த்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார். மரியாதையான மனிதர். "இருக்கலாமுங்க" என்றார். பிறகு தாங்காமல், "ஆனா இன்னும் ரெண்டு நிமிசம் இதே மாதிரி ஓட்டுனா அந்த டிரம்ஸ் கருப்பா பொகை கக்குமுங்க" என்றார்.

எனக்கு இருமல் வந்துவிட்டது. முப்பது வருடத்துக்கு முந்தைய புகை.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். குற்றவாளி முகம் என்பது எனக்கு இயல்பாகவே அமைந்தது, தனியாகச் செய்யவேண்டியதில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். லைன் வீடு, ஒற்றை பிளக், பேட்டரி, சாத்தாத ஜன்னல், ஒற்றைச் சொல். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்னால் கேசட் ஓடிக்கொண்டேயிருந்தது. சரியான இடத்தில் கிடார் ஆழத்திலிருந்து எழுந்தது. இன்ஜின் தயங்கி ஓய்ந்தது. யாரும் தலையை ஆட்டவில்லை.

குவாலிட்டிக்காரர் செட்டை நிறுத்தினார். "அப்போ நான் கோயில்ல வாசிச்சது என்ன வே?"

மெக்கானிக்தான் ஆறுதலாகக் கேட்டார். "அந்த ஆறாவது அடியை உட்டுட்டு வாசிச்சீங்களாங்க?"

"ஆமா."

"அப்ப ரிப்பேரு வரைக்கும் கரெக்டா வாசிச்சிருக்கறீங்க."

பிரிண்டிங்காரர் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன். முகத்தை பீரோ பக்கம் திருப்பிக்கொண்டதால் உறுதியாகச் சொல்ல முடியாது. தோள் குலுங்கியது. குவாலிட்டிக்காரர் சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் ஷீட்டை இழுத்து, எழுதியதை நிதானமாக அடித்தார். "பல்க் சரியாத்தான் இருக்கு" என்றார். "சேம்பிள்தான் தப்பு." இத்தனை வருட சர்வீஸில் அப்படி ஒரு வாக்கியத்தைத் தான் எழுதியதில்லை என்றும் சொன்னார். சேம்பிளின் அட்டையில் தன் கையெழுத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டார். அப்புறம் என் கம்பீரமான க்ளைம் கடிதத்தை எடுத்து மெக்கானிக்கிடம் கை துடைக்கக் கொடுத்தார்.

"மாஸ்டர்" என்று பிரிண்டிங்காரர் ஆரம்பித்து, நிறுத்தி, "என்னுங்க" என்று மாற்றிக்கொண்டார். அந்த ஒரு இடத்தில்தான் எனக்கு உண்மையாகவே வலித்தது. முப்பது வருடப் பட்டம் ஒரு மூச்சில் போயிற்று.

"என்னுங்க, வந்தது வந்துருச்சு, அந்த சிடியை ஒழுங்கா ஒருக்காக் கேட்டுப்போடலாமுங்க."

கேட்டோம். முழுக் கச்சேரியும். குறை சொல்ல ஒன்றுமில்லை. மெய்யான டிரம்மர், அடுத்த சிடியில், மெய்யாகவே தனியாக ஆறு நிமிடம் வாசித்தார். ஓர் அடிகூட விடாமல் எல்லா அடியையும் அடித்தார். நாங்கள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நல்லாத்தானுங்க இருக்குது" என்றார் பிரிண்டிங்காரர் கடைசியில், கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வது போல. "என்னமோ ஒண்ணு கொறையுது."

"நாசில்" என்றார் குவாலிட்டிக்காரர்.

அதே நேரத்தில் வெளியே மெக்கானிக் சர்வீஸ் முடித்த ஜெனரேட்டரை ஓடவிட்டார். மூவரும் பேச்சை நிறுத்திக் காதைக் கொடுத்தோம். சீராக, சுத்தமாக, ஒரு அடி பிசகாமல் ஓடியது. குவாலிட்டிக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "உயிரில்ல" என்றார். பிறகு கோடு போட்ட அட்டையோடு கேசட்டை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். எதற்கு என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அந்த டிசம்பரில், மனைவியோடு அவருடைய சபைக்கு அழைப்பு வந்து போயிருந்தபோது, ஆராதனை முடிவில் டிரம்ஸின் முன்னால் அவர் உட்கார்ந்தார். ஐந்து அடி விழுந்தது. ஆறாவது விழவில்லை. சபை கைதட்டியது, எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று, கண் கலங்கக் கைதட்டியது நான்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவிக்குக் கதை முழுவதையும் சொன்னேன், புகை உட்பட. கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள். வந்ததும் ஊறப்போட்டிருந்த அரிசியைக் கிரைண்டரில் கொட்டி, ஸ்விட்சைப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"ஏனுங்க, இருபத்தஞ்சு வருசமா இந்த ஊட்ல கிரைண்டர் ஓடுது. இதுக்கு ஒரு நாளாச்சும் கை தட்டியிருக்கறீங்களா?"